எக்ஸ்ரே படிக்கும் கணினி எந்த ஊரில் படித்தது?

சென்ற மழைக்காலத்தில் எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வந்த ஒரு குடும்பத்தை முன்னிட்டு இக்கட்டுரையை எழுதுகிறோம். வந்தவர் இரும்பு வார்ப்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மணல் அச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வாரங்களாக இருமல். தெருவில் நடந்த முகாமில் அவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். அதைப் படித்த கணினி மென்பொருள், வலது நுரையீரலின் மேற்பகுதியில் சிவப்பு வட்டமிட்டு, ‘காசநோய்க்கு வாய்ப்பு உண்டு’ என அச்சிட்ட தாள் ஒன்றைத் தந்திருந்தது. அந்தத் தாளை எங்கள் மேசைமேல் வைத்துவிட்டு அவருடைய மகள் கேட்டார்: “டாக்டர், இந்தக் கம்ப்யூட்டர் எந்த ஊர்ல படிச்சுது? எங்க ஊர் ஆளுங்க நெஞ்ச அது பாத்திருக்கா?”

அவர் சற்றுக் கோபத்தோடுதான் கேட்டார். ஆனால் செயற்கை நுண்ணறிவுத் துறையின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியும் அதுவே. ஓரிடத்தில், ஒரு வகைப் படங்களில் கற்றுக்கொண்ட மென்பொருளை வேறோர் இடத்திற்கோ வேறொரு வேலைக்கோ கொண்டுசெல்லும்போது, அது கற்றதில் எவ்வளவு உடன் வருகிறது, எவ்வளவு வழியில் உதிர்ந்துவிடுகிறது? எக்ஸ்ரே, விழித்திரைப் படம், ஈசிஜி ஆகிய மூன்றிலும் கணினியின் கருத்து அச்சாகி வரத் தொடங்கியுள்ள இக்காலத்தில், நோயாளிகளும் குடும்பத்தினரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கணினி கற்கும் முறை எளிது, உழைப்புத்தான் பெரிது. ‘இது நோய் உள்ள படம், இது நோய் இல்லாத படம்’ என்று மருத்துவர்கள் குறித்துக் கொடுத்த பல்லாயிரம் படங்களை அதற்குக் காட்டுகிறார்கள். அது ஒவ்வொரு படத்திலும் ஊகிக்கிறது. தவறும்போது தன்னுள் இருக்கும் எண்களைச் சிறிதளவு திருத்திக்கொள்கிறது. இலட்சக்கணக்கான முறை இவ்வாறு திருத்திய பின்னர் எஞ்சும் எண்களின் தொகுப்பே அதன் ‘அறிவு’. நம்மைப்போல் காரணம் அறிந்து கற்பதன்று அது. எது எதனோடு சேர்ந்து வருகிறது என்பதை மட்டுமே அது பிடித்துக்கொள்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிக்கல் என்னவென்றால், மருத்துவர்கள் குறித்துக் கொடுத்த படங்கள் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே ஆய்வாளர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ‘இமேஜ்நெட்’ என்னும் பெருந்தொகுப்பில் பலவகைப் பொருள்களின் ஒளிப்படங்கள் உள்ளன. போட்டிகளுக்குப் பயன்பட்ட அதன் பகுதியில் மட்டும் 1,000 வகைகளில் ஏறத்தாழ 12 இலட்சம் படங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாய் இனங்கள் அதில் உண்டு. தேநீர்க் கெண்டி உண்டு. நம் கடற்கரை மக்களுக்கு நன்கு தெரிந்த சுறாவும் திருக்கையும், எண்ணூர்த் துறைமுகத்தில் நிற்பதுபோன்ற சரக்குக் கப்பலும்கூட உண்டு. முதலில் இவற்றை இனம் காணக் கணினியைப் பழக்குவது. பின்பு அதே கணினியை மருத்துவப் படங்களின் முன் உட்காரவைப்பது. இதற்கு ‘டிரான்ஸ்ஃபர் லேர்னிங்’ என்று பெயர். நாற்றங்காலில் வளர்த்த நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவதுபோல என்று நாங்கள் எங்கள் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

திருக்கை மீனைப் பார்த்துப் பழகியது விழித்திரையைப் பார்க்க எப்படி உதவும்? படத்தை அறியும் கணினி படிப்படியாகப் பார்க்கிறது. முதற்படியில் விளிம்பு, வளைவு, வெளிச்சம் மாறும் இடம். அடுத்ததில் அவை சேர்ந்த வடிவங்கள். கடைசியில்தான் ‘இது திருக்கை’ என்னும் முடிவு. முதற்படிகள் எந்தப் படத்திற்கும் பொது. மீனின் விளிம்பை அறியத் தெரிந்த கண், இரத்தக் குழாயின் விளிம்பையும் அறியும். கடைசிப் படியை மட்டும் நோய்க்கெனப் புதிதாகக் கற்பித்து, மற்றவற்றைச் சற்றே சீர்படுத்தினால் போதும் என்பது எதிர்பார்ப்பு. (இந்த உதவியைச் சிலர் மிகைப்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விழித்திரைப் படங்களையும் நெஞ்சு எக்ஸ்ரேக்களையும் கொண்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், போதுமான மருத்துவப் படங்கள் இருந்தபோது நாற்றங்காலில் வளராத கணினியும் ஏறத்தாழ அதே அளவு நன்றாகச் செய்தது. விரைவாகக் கற்றது என்பதே முதன்மையான இலாபமாக இருந்தது.)

இந்த முறையில் உலகம் கவனித்த முதல் மருத்துவ முயற்சிகளுள் ஒன்றில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. நீரிழிவினால் விழித்திரை கெடுவதைக் கண்டறியும் மென்பொருளைக் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கி, 2016-இன் இறுதியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். இமேஜ்நெட்டில் பழகிய கணினிக்கு 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டியிருந்தனர். அப்படங்கள் அமெரிக்காவிலிருந்தும் மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. அம்மூன்றனுள் இரண்டு நம்முடையவை: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூன்று கண் மருத்துவர்கள் தனித்தனியே மதிப்பிட்டிருந்தனர்.

எங்களுக்கு இதில் மதிப்பிற்குரியதாகத் தோன்றுவது அதற்கு அடுத்த படி. ஏட்டில் நன்றாக வந்தது என்று அதோடு விட்டுவிடவில்லை. 2016 மே முதல் 2017 ஏப்ரல் வரை, அதே இரண்டு மருத்துவமனைகளுக்கும் நேரில் வந்த 3,049 நீரிழிவு நோயாளிகளிடம் மென்பொருளைச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அரவிந்தில், சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அளவுக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்த ஒவ்வொரு 100 பேரிலும் ஏறத்தாழ 89 பேரை அது கண்டுபிடித்தது. அந்தப் பாதிப்பு இல்லாத 100 பேரில் 92 பேரைச் சரியாக விடுவித்தது. சங்கர நேத்ராலயாவில் இவை முறையே 92, 95. படம் பார்க்கப் பயிற்சி பெற்ற பணியாளர்களுக்கு இணையானவை, சிலரைவிட மேலானவை இவ்வெண்கள். இருந்தும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே மென்பொருள், ஒரே மாநிலம், இரண்டு மருத்துவமனைகள், எண்கள் ஒன்றாக இல்லை. நோயாளிகள் வேறு, மதிப்பிடும் மருத்துவர்கள் வேறு. மதுரைக்கும் சென்னைக்கும் இடையிலேயே இவ்வளவு என்றால், கடல் கடந்தால் என்ன ஆகும்?

அதுவும் நடந்தது. அம்மென்பொருளைத் தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களில் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தை 2020-இல் வெளியிட்டனர். செவிலியர் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேலானவற்றை, ‘தெளிவில்லை, மதிப்பிட இயலாது’ என்று மென்பொருள் திருப்பியனுப்பியது. பயிற்சிக்குக் கிடைத்தவை தெளிவான படங்கள். அங்கே பல நிலையங்களில் இருட்டறை இல்லை, வெளிச்சமுள்ள அறையில் கண்பாவை போதிய அளவு விரிவதில்லை, படம் மங்குகிறது. இணைய வேகமும் சில இடங்களில் குறைவு. படம் திருப்பியனுப்பப்பட்டவர் வேலையை விட்டுவிட்டு இன்னொரு நாள் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. மென்பொருள் கற்ற பாடத்தில் பிழை இல்லை. பாடம் கற்ற அறையும் தேர்வு எழுதிய அறையும் வேறு வேறாக இருந்தன.

கண்ணை விட்டு நெஞ்சுக்கு வருவோம். இங்கே களமாற்றத்தின் சிக்கல் இன்னும் நுட்பமானது. அமெரிக்காவின் மூன்று மருத்துவ அமைப்புகளிலிருந்து 1,58,323 நெஞ்சு எக்ஸ்ரேக்களைத் திரட்டி, நிமோனியாவைக் கண்டறியும்படி கணினிக்குக் கற்பித்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018-இல் வெளிவந்தது. ஓரிடத்தில் கற்ற கணினி தன் இடத்துப் படங்களில் நன்றாகச் செய்தது. பிற இடத்துப் படங்களில் பல ஒப்பீடுகளில் தடுமாறியது. ஏன் என்று பார்த்தபோது தெரிந்தது இது: ஒரு படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதைக் கணினியால் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்ல முடிந்தது. ஒரு மருத்துவமனையின் படங்களில் 100-க்கு 34 நிமோனியா. இன்னொன்றில் 100-க்கு ஒன்று. ஆகவே, ‘இது அந்த மருத்துவமனையின் படம்’ என்று அறிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். படத்தின் ஓரத்தில் வைக்கும் உலோக எழுத்து, படுக்கையருகே கொண்டுவந்து எடுக்கும் கருவியின் சாயல் போன்றவை அதற்குத் துப்புகளாகின்றன. எது எதனோடு சேர்ந்து வருகிறது என்பதை மட்டுமே அது பிடித்துக்கொள்கிறது என்று முன்னர்ச் சொன்னது இதைத்தான். கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டதைத்தான் அது செய்தது.

இனி அந்த மகளின் கேள்வி: எங்க ஊர் ஆளுங்க நெஞ்ச அது பாத்திருக்கா?

காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் மக்களின் நுரையீரலில் இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலை, வார்ப்பாலை மணல், வெல்டிங் புகை ஆகியவற்றோடு வீட்டுக்குள் புகைக்கும் பீடியும் சேர்ந்துகொள்கிறது. வார்ப்பாலை மணலின் நுண்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய், எக்ஸ்ரேயில் மேற்பகுதிகளில்தான் பெரும்பாலும் தொடங்கும். காசநோயும் பெரும்பாலும் அங்கேயே குடியிருக்கும். அனுபவமுள்ள மருத்துவரையே தயங்கவைக்கும் ஒற்றுமை அது. போதாக்குறைக்கு, சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்தும் மிகுதி. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். தூசி படிந்த நுரையீரல்களைப் போதிய அளவு பார்க்காமல் வளர்ந்த மென்பொருள் இதை எப்படிப் பிரிக்கும்?

பழைய தழும்பு இன்னொரு சிக்கல். வங்கதேசத்தின் டாக்கா நகரில் ஏறத்தாழ 24,000 பேரின் எக்ஸ்ரேக்களை ஐந்து காசநோய் மென்பொருள்களிடம் கொடுத்துச் செய்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஐந்துமே மருத்துவர்களைவிட நன்றாகச் செய்தன. இதை நாங்கள் மறைக்கப்போவதில்லை. ஆனால் 60 வயதைக் கடந்தவர்களிடமும் முன்பே காசநோய் வந்து குணமானவர்களிடமும் அவற்றின் துல்லியம் குறைந்தது. ஆறிய தழும்பும் ஆறாத புண்ணும் ஒரே படத்தில் ஒன்றுபோலத் தோன்றும்.

அப்புறம் சடை. சிரிக்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது முன்பக்கம் விழுந்து கிடக்கும் தடித்த பின்னல், நுரையீரலின் உச்சியில் நிழலாக விழும். அது காசநோயின் நிழல்போலவே இருக்கும். தாலிச்சரடு, தாயத்து, ஊக்கு ஆகியவை பளிச்சென்று தெரிவதால் யாரும் ஏமாறுவதில்லை. பின்னல் ஏமாற்றும். எங்கள் எக்ஸ்ரே அறைப் பணியாளர்கள் முடியை உயர்த்திக் கொண்டையிடச் சொல்வது இதனால்தான்.

ஊர் மாறும்போது மாறும் இன்னொன்று உண்டு. சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. நோயுள்ள 100 பேரில் 90 பேரைக் கண்டுபிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விடுவிக்கும் மென்பொருள் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு இருமலோடு வந்த 1,000 பேரில் 100 பேருக்குக் காசநோய் இருந்தால், அது 90 பேரைச் சரியாகவும் மேலும் 90 பேரைத் தவறாகவும் சுட்டும். சுட்டப்பட்டவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அதே மென்பொருளைத் தெரு முகாமுக்குக் கொண்டுபோங்கள். 1,000 பேரில் 10 பேருக்கே நோய். இப்போது அது 9 பேரைச் சரியாகச் சுட்டும். நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் சேர்த்துச் சுட்டும். சுட்டப்பட்ட 108 பேரில் 9 பேருக்கே நோய். அதாவது பன்னிரண்டில் ஒருவர். மென்பொருள் மாறவில்லை, முன்னால் நிற்கும் கூட்டம் மாறிவிட்டது. முகாமில் ‘வாய்ப்பு உண்டு’ என்ற தாளைப் பெற்றவர் அன்றிரவு தூங்காமல் கிடக்க வேண்டியதில்லை. மறுநாள் சளிப் பரிசோதனைக்கு வராமல் இருக்கவும் கூடாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் நெஞ்சு எக்ஸ்ரேக்களைக் காசநோய்க்காகச் சலித்தெடுக்க இத்தகைய மென்பொருள்களைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் வந்தால் ‘ஐயம்’ எனக் கொள்வது என்பதை அந்தந்த இடத்தில் சோதித்து முடிவு செய்ய வழிகாட்டுதலையும் உடன் வெளியிட்டது. நடைமுறையில் பலரும் வாங்கிய அன்றைக்கு இருந்த அளவையே வைத்துக்கொள்கிறார்கள். நெல்லூர்ப் படியைக் கொண்டுவந்து செங்கற்பட்டுச் சந்தையில் அளப்பதுபோன்ற வேலை அது.

பிற ஊரில் கற்றதை நம் ஊரில் சோதிக்காமல் ஏற்கக்கூடாது என்பதை மருத்துவ உலகுக்குக் காட்டியதில் இதே சென்னைக்கு ஓர் இடம் உண்டு. காசநோய் வந்தவரைச் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகியவற்றோடு நடத்த வேண்டும் என்பது மேலைநாடுகளிலிருந்து வந்த பாடம். ஆறு பேர் ஓர் அறையில் வாழும் ஏழைக் குடும்பத்துக்கு அது கைக்கெட்டுமா? 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, அதே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959-இல் வெளியான முடிவு: வீட்டிலிருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். இன்று உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தபடியே மருந்து உண்பதற்கு வழி திறந்த ஆய்வு அது. அம்மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.

கணினி ‘ஐயம் இல்லை’ என்று சொல்வதும் இறுதித் தீர்ப்பன்று. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவரைப்போல் இரண்டு, மூன்று மடங்கு; அவர்களுக்கு நோய் வழக்கமான மேற்பகுதியை விட்டுக் கீழ்ப்பகுதியில் வருவதும் உண்டு. எங்களிடம் வந்த ஓர் இளம் தாய்க்கு மென்பொருள் தந்த மதிப்பெண் மிகக் குறைவு. நாங்களும் முதல் நாள் அதை நம்பி, இருமல் மருந்து கொடுத்து அனுப்பினோம். பத்து நாள் கழித்து எடை குறைந்து திரும்பி வந்தபோது சளியில் கிருமி இருந்தது, சர்க்கரையும் மிகுந்திருந்தது. அந்தப் பத்து நாளுக்கு நாங்களே பொறுப்பு. அதன்பின் எங்கள் பிரிவில், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கணினி என்ன சொன்னாலும் சளிப் பரிசோதனை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் என்னும் சோதனைகள் கிருமியின் மரபணுவையே தேடுபவை. அரசு மருத்துவ நிலையங்களில் காசநோய்க்கான சோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

வார்ப்பாலைப் பெரியவரின் சளியை இருமுறை சோதித்தோம், கிருமி இல்லை. மகளிடம் பழைய எக்ஸ்ரே ஏதேனும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டோம். மூன்றாம் நாள், பரணிலிருந்து எடுத்த பழுப்பேறிய உறையோடு வந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்திய படம். கணினி வட்டமிட்ட அதே இடத்தில், அதே நிழல், அன்றைக்கே இருந்தது. சி.டி. ஸ்கேனில் தூசி நோய் என்று உறுதியாயிற்று. தேவையில்லாத ஆறு மாதக் காசநோய் மருந்திலிருந்து அவர் தப்பினார். எனினும் அவருக்குள்ள ஆபத்தை எண்ணி ஆறு மாதத்துக்கொருமுறை வரச் சொல்லியிருக்கிறோம். கணினி அவரைச் சுட்டியது வீண் என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். அது சுட்டியிராவிட்டால் அவர் எங்களிடம் வந்திருக்கவே மாட்டார்.

ஆகவே எங்களிடம் வரும்போது பழைய படங்களை, எவ்வளவு மங்கியிருந்தாலும், கொண்டுவாருங்கள். கைப்பேசியில் எடுத்த படமாக அல்லாமல் ஃபிலிமாகவே வேண்டும். என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை ஆண்டு, முன்பு காசநோய்க்கு மருந்து உண்டீர்களா என்பதை நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள். இவை எதுவும் கணினிக்குத் தெரியாது. கணினியின் அறிக்கை உங்கள் கையில் இருந்தால், ‘இது எங்கள் பகுதி மக்களிடம் சோதிக்கப்பட்டதா?’ என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், எங்களிடமும்தான்.